குணசித்திர நடிகரின் கலைவாழ்வு

கல்லூரியில் நாடகமொன்று அரங்கேறப் போகின்றது என்ற செய்தி பரவியதும், மாணவரிடையே எழும் முதல் வினா, "கதாநாயகன் யார்?" என்பதே. அவ்வேடம் கிடைத்தவன் நெஞ்சை நிமிர்த்தி வீடு செல்கின்றான். மந்திரி வேடமோ முதியவர் வேடமோ கிடைத்தவன் தலைகுனிந்து செல்கின்றான். எமது காலத்திலும் நிலை இதுவே, இன்றும் இதுவே. இவ்வெண்ணம் பொருத்தமானதுதானா என்பதை, 2024 ஆம் ஆண்டு மறைந்த கலைஞர் டெல்லி கணேஷ் அவர்களின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வது நன்றெனக் கருதுகின்றோம்.

அதற்கு முன் ஒரு காட்சியை நினைவூட்ட விரும்புகின்றோம். திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியிற் குச்சவெளியைக் கடந்து சென்றால் திரியாயை அடையலாம். அங்கே குன்றொன்றின் மீது பழைய பௌத்த தாதுகோபம் ஒன்றுண்டு. அதனைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கற்றூண்கள் நிற்கின்றன. காண வருவோர் கண்கள் முதலிற் செல்வது நடுவிலுள்ள தாதுகோபத்தின் மீதே. ஆயினும், முன்னொரு காலத்தில் அதன்மேல் அமைந்திருந்த கூரையைத் தாங்கியவை அத்தூண்களே. கூரை அழிந்தொழிந்த பின்னரும் அவை நிற்கின்றன.

நாடகத்திலும் திரைப்படத்திலும் இத்தூண்களை ஒத்தவரையே குணசித்திர நடிகர் என்கின்றோம். தந்தை, அண்ணன், ஆசிரியர், சமையற்காரர், கணக்கப்பிள்ளை என நம்மிடையே நாள்தோறும் நடமாடும் மனிதரை உயிரோடு காட்டுவது அவர் தொழில். கதாநாயகனைக் காணும்போது, "இவர் இன்ன நடிகர்" என்பது நம் நினைவில் நிற்கும். குணசித்திர நடிகரைக் காணும்போதோ நடிகர் மறைந்து, பாத்திரம் மட்டுமே நிற்றல் வேண்டும். தம்மை மறைத்துக்கொள்வதே அவரது வெற்றி.

டெல்லி கணேஷ் 1944 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 1 ஆந் திகதி, தமிழ்நாட்டின் தென்கோடியில் உள்ள வல்லநாட்டிற் பிறந்தார். இயற்பெயர் கணேசன். 1964 முதல் 1974 வரை பத்தாண்டுகள் இந்திய விமானப்படையிற் பணியாற்றினார். நடிப்பில் அவருக்குப் பயிற்சிக்களமாக அமைந்தது, டெல்லியில் வாழ்ந்த தமிழர் நடத்திவந்த தட்சிண பாரத நாடக சபா ஆகும். பகலில் அலுவலும் மாலையில் ஒத்திகையுமாக வாழ்ந்த தமிழ் அன்பர்கள் அத்தலைநகரில் நாடகக் கலையை வளர்த்தனர். ஊதியம் கருதாது, ஆர்வம் ஒன்றே கருதி நடிக்கும் இத்தகைய சபைகள், எமது கல்லூரி அரங்குகளைப் போலவே, பல கலைஞரைத் தோற்றுவித்துள்ளன.

பின்னர் சென்னையிற் காத்தாடி ராமமூர்த்தி அவர்களின் குழுவிற் சேர்ந்து நடித்தார். அக்குழு மேடையேற்றிய நாடகங்களுள் விசு அவர்கள் எழுதிய 'பட்டினப் பிரவேசம்' குறிப்பிடத்தக்கது. கிராமத்துக் குடும்பமொன்று பட்டினத்தை நாடிச் சென்று படும் இன்னல்களைக் கூறுவது அது. அதனைப் படமாக்க முன்வந்த இயக்குநர் கே. பாலசந்தர், அதில் நடிக்கக் கணேசனையும் அழைத்துக்கொண்டார். டெல்லி கணேஷ் என்ற பெயரைச் சூட்டியவரும் அவரே. அப்படம் 1977 ஆம் ஆண்டு வெளியாயிற்று. திரையுலகிற் புகுந்தபோது அவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. கதாநாயகராக விரும்புவோருக்கு இது பிந்திய வயது. குணசித்திர நடிகருக்கோ உலகைக் கண்டறிந்த வயது.

1979 இல் துரை இயக்கிய 'பசி' என்னும் படத்தில், நகரச் சேரியில் வாழும் றிக்சாத் தொழிலாளியாக நடித்தார். அதற்காகத் தமிழ்நாட்டு அரசின் சிறப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1985 இல் வெளிவந்த 'சிந்து பைரவி'யில் மிருதங்க வித்துவானாகவும், 1987 இல் வெளிவந்த 'நாயகன்' படத்தில் நாயகரின் துணைவருள் ஒருவரான ஐயராகவும் தோன்றினார். 1989 இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் வில்லர் கூட்டத்தில் ஒருவரானார். ஒரே முகம், ஒரே குரல். ஆயினும் ஒருவரைப்போல் மற்றவர் இல்லை.

1990 இல் வெளிவந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் அவர் ஏற்ற பாலக்காட்டுச் சமையற்காரர் மணி ஐயர் வேடம் சிறப்பாக நோக்கத்தக்கது. கலியாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிடுகின்றது. அதனை அறிந்து ஐயர் படும் பாட்டைக் கண்டு அரங்கமே சிரிக்கின்றது. அவரோ சிரிப்பூட்ட முயலவேயில்லை. தம் மானமும் பிழைப்பும் போய்விடுமே என்ற உண்மையான அச்சத்தையே காட்டுகின்றார். பாத்திரத்தின் துன்பம் மெய்யாக இருந்தாலன்றிச் சிரிப்புப் பிறவாது என்பதற்கு இஃது ஒரு நல்ல பாடமாகும்.

மேடை, திரை, தொலைக்காட்சி ஆகிய மூன்றும் நடிகரிடம் வெவ்வேறு திறன்களை வேண்டி நிற்பவை. மேடையிற் குரல் கடைசி வரிசைவரை எட்டுதல் வேண்டும். தவறு நேர்ந்தால் திருத்த வழியில்லை. திரைப்படத்திலோ ஒளிப்படக் கருவி முகத்தருகே நிற்பதால் புருவத்தின் சிற்றசைவும் பெரிதாகத் தெரியும். இறுதிக் காட்சியை முதல் நாளிலும் முதற் காட்சியை இறுதி நாளிலும் எடுத்தல் கூடும். ஆதலால் பாத்திரத்தின் வளர்ச்சி முழுவதையும் மனத்தில் வைத்திருத்தல் அவசியம். தொலைக்காட்சித் தொடரிலோ ஒத்திகைக்கு நேரமில்லை. பக்கம் பக்கமாக வசனத்தை மனத்திற் பதித்து, ஒரே பாத்திரத்தை ஆண்டுக்கணக்கிற் சலிப்பின்றித் தாங்குதல் வேண்டும். டெல்லி கணேஷ் இம்மூன்றிலும் கைதேர்ந்தவர். 'கஸ்தூரி', 'செல்லமே' முதலிய தொடர்கள் அவரை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தன. பிற நடிகர்க்குக் குரல் கொடுத்தும் உதவினார். தமது குரல் மற்றொருவர் முகத்திலிருந்து ஒலிப்பதை ஏற்றுக்கொள்ளுதல் எளிதான மனப்பக்குவமன்று.

நானூறுக்கு மேற்பட்ட படங்களில் நடித்து, தமிழ்நாட்டு அரசின் கலைமாமணி விருதும் பெற்ற அப்பெரியார், 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9 ஆந் திகதி இரவு, சென்னையில், தமது எண்பதாவது வயதில் இயற்கை எய்தினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தம்மை விட்டுச் சென்ற அவ்வீரருக்கு விமானப்படையினர் வந்து இறுதி மரியாதை செலுத்தினர்.

இனி எமது கல்லூரிக்கு வருவோம். விழா மலர்களில் வழக்கமாக இடம்பெறுவன, உயர்பதவி வகித்தோரின் பெயர்களும் படங்களுமே. அது முறையே. ஆனால் ஒரு கல்லூரியைத் தாங்குவோர் அவர்கள் மட்டும்தானா? திரியாய் போன்ற ஊர்களிலிருந்து வந்து கற்று, மீண்டும் ஊருக்கே சென்று வயலை உழுதவர்கள், பள்ளியிற் கற்பித்தவர்கள், 1985 ஆம் ஆண்டின் வன்செயல்களால் இடம்பெயர்ந்து அலைந்த பின்னரும் தம் பிள்ளைகளின் கல்வியைக் கைவிடாதவர்கள் எத்தனை பேர்! அவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் பொறிக்கப்படவில்லை. கதை நடந்தது அவர்களாலே.

ஆதலால், அடுத்த நாடகத்திற் சிறுவேடம் பெறும் மாணவச் செல்வருக்கு நாம் கூறுவது இதுவே: உமக்குக் கிடைத்தவை பத்து வரிகளாயின், அப்பத்து வரிகளுக்குரிய மனிதனை முழுமையாகக் கண்டறிந்து மேடையில் நிறுத்துக. ஆசிரியப் பெருமக்களும் வேடம் வகுக்கும்போது சிறுவேடத்தைத் திறன் குறைந்தவனுக்கென ஒதுக்காதிருப்பாராக. பழைய மாணவராகிய நாமும் அரங்கின் முன் அமர்ந்து, கதாநாயகனுக்குக் கைதட்டும் அதே கைகளால், மந்திரிக்கும் முதியவருக்கும் சமையற்காரருக்கும் கைதட்டுவோமாக.