40 டிகிரி வெயிலில் 'சிப்' படும் பாடு!

சித்திரை மாதம். பகல் 1 மணி. சத்திரம் பஸ் நிலையத்தில் சவாரி ஏற்றிய ஆட்டோ ஒன்று, காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் முன் வந்து நிற்கிறது. சவாரி இறங்கியாயிற்று. அடுத்த சவாரிக்கு அழைப்பு வரவேண்டும். வரவில்லை! முன் கண்ணாடி ஓரம் மாட்டியிருந்த செல்போனின் திரை மங்கிக் கிடக்கிறது. "போன் சூடாகிவிட்டது. ஆறிய பிறகு உபயோகிக்கவும்" என்று ஓர் எச்சரிக்கை மட்டும் தெரிகிறது.

நாள் வாடகைக்கு வண்டி ஓட்டுகிறவருக்கு அரை மணி நேரம் என்பது அரிசி, பருப்புக்கான பணம்.

போனுக்குள் 'சிப்' என்னும் சின்னஞ்சிறு சில்லுகள் இருக்கின்றன. எவ்வளவு உஷ்ணம் வரை வேலை செய்யும் என்று ஒவ்வொரு சிப்புக்கும் அதைச் செய்யும் கம்பெனி ஒரு வரம்பு சொல்கிறது. சாதாரண சிப்புக்கு 70 டிகிரி சென்டிகிரேடு. தொழிற்சாலைக்கு உரியது 85. ராணுவத்துக்கு உரியது 125.

திருச்சிக் கோடையோ 40 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. 70 எங்கே, 40 எங்கே? பிறகு ஏன் இந்தத் தொல்லை?

எந்த உஷ்ணம்?

40 டிகிரி என்பது நிழலில், காற்றோட்டமான மரப்பெட்டிக்குள் வைத்து அளந்த உஷ்ணம். வெயிலில் இருக்கும் பொருளின் உஷ்ணம் வேறு. கோவில் பிராகாரத்துக் கல்லில் நண்பகலில் கால் வைத்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை!

அதோடு, சிப் தானும் சூடு உண்டாக்குகிறது. மொட்டை மாடியில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிப்பை எடுத்துக்கொள்வோம். வெளியே 40 டிகிரி. பெட்டிக்குள் 60 என்று வைத்துக்கொள்வோம். சிப் 1 வாட் மின்சாரம் தின்கிறது. ஒரு வாட்டுக்கு 50 டிகிரி ஏறும் என்றால், அதன் உள்வயிறு 110 டிகிரி! 70, 85 எல்லாம் சிப்பைச் சுற்றியுள்ள உஷ்ணத்துக்கான கணக்கு. உள்வயிற்றுக்குத் தனி வரம்பு உண்டு. பல சிப்புகளுக்கு அது 125. மிச்சம் 15 டிகிரிதான். பெட்டியின் காற்றுத் துளைகளைத் தூசி அடைத்தால் அதுவும் போயிற்று.

வரம்பைத் தாண்டினால் உடனே எரிந்துவிடுமா? பெரும்பாலும் இல்லை. சிப்புக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய ஸ்விட்சுகள் உள்ளன. சூடு ஏறினால், அணைத்த ஸ்விட்சிலும் மின்சாரம் கசியும், தேய்ந்த குழாயில் தண்ணீர் சொட்டுவதுபோல. கசிவு மேலும் சூட்டைக் கூட்டும். கணக்கு தப்பும். ஆயுள் குறையும். வரம்பு வரைக்கும்தான் கம்பெனியின் பொறுப்பு.

செல்போனில் சிப்பைவிட மென்மையானது பாட்டரி. ஐபோன் செய்யும் ஆப்பிள் கம்பெனி, சுற்றுப்புறம் 35 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் உபயோகிக்கச் சொல்கிறது. திருச்சியில் கோடைப் பகலில் நிழலே அதைத் தாண்டிவிடுகிறது! ஆகவே போன் தன் உஷ்ணத்தைத் தானே அளந்து, வேலையைக் குறைக்கிறது, திரையை மங்கவைக்கிறது. அது கெட்டுப்போகவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது.

சூடான போனைப் பிரிட்ஜில் வைப்பவர்கள் உண்டு. கூடாது. உள்ளே ஈரம் படியும். உறையைக் கழற்றி, சார்ஜ் போடுவதை நிறுத்தி, நிழலில் காற்றுப்பட வைத்தால் போதும்.

ராஜகோபுரத்தின் நிழலில் ஆட்டோ நிற்கிறது. கண்ணாடி ஓரம் இருந்த போன் இப்போது டிரைவரின் முழங்காலுக்குக் கீழே, வெயில் படாத இடத்துக்கு மாறிவிட்டது. திரை பளிச்சென்று விழிக்கிறது. அம்மா மண்டபத்திலிருந்து ஒரு சவாரி!