“இளைச்சுப் போயிட்டியே... சுகரா?” - எடை குறைக்கும் ஊசியை யாரிடம் சொல்லலாம், யாரிடம் மறைக்கக் கூடாது?

காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போகிறீர்கள். நாலு மாதத்தில் எட்டு கிலோ குறைந்திருக்கிறது. கன்னம் ஒட்டி, ஜாக்கெட் தொளதொளவென்று தொங்குகிறது. கீரைக்கட்டு பைக்குள் விழுவதற்குள் அந்தக் கேள்வி வந்து விழும்.

“என்னக்கா, இப்படி இளைச்சுப் போயிட்ட... சுகரா?”

பக்கத்தில் கறிவேப்பிலை வாங்குகிறவரும் திரும்பிப் பார்ப்பார். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனாலும் இதே கேள்வி. மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றாலும் இதே கேள்வி. போன வருஷம் “உடம்பைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?” என்று கேட்டதும் இதே வாய்கள்தான்.

நீங்கள் எடை குறைப்பு ஊசி போடுகிறவர் என்றால், இப்போது உங்கள் கையில் மூன்று பதில்கள் இருக்கின்றன. உண்மையைச் சொல்லலாம். ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு நகரலாம். அல்லது, “காலைல வெந்நீர், ராத்திரி கொள்ளுக்கஞ்சி, அவ்வளவுதான்” என்று ஒரு கதையை எடுத்துவிடலாம்.

முதல் இரண்டுமே சரியான பதில்கள்தான். மூன்றாவதுதான் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், தெருவிடம் மறைக்கிற அதே பழக்கத்தில் டாக்டரிடமும் மறைப்பது.

நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் வந்த ஊசி

2025 மார்ச்சில் எலி லில்லி நிறுவனத்தின் ‘மவுன்ஜாரோ’ இந்தியாவுக்கு வந்தது. ஜூனில் நோவோ நார்டிஸ்க் நிறுவனத்தின் ‘வீகோவி’. டிசம்பரில் அதே நிறுவனத்தின் சர்க்கரை நோய் மருந்தான ‘ஓஸெம்பிக்’. எல்லாமே வாரம் ஒருமுறை வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கு அடியில் போட்டுக்கொள்ளும் ஊசிகள்.

சாப்பிட்டவுடன் நம் குடல் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கும். ‘போதும்’ என்று மூளைக்குத் தகவல் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. இந்த ஊசிகள் அந்த ஹார்மோனைப் போலவே நடிக்கின்றன. பசி குறையும். இரைப்பையில் இருந்து சாப்பாடு மெதுவாக இறங்கும். மவுன்ஜாரோவில் உள்ள டிர்செபடைட், கூடுதலாக இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் செய்யும். வீகோவியில் உள்ள செமாகுளுடைட்டை 68 வாரங்கள் போட்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவிகிதம் எடை குறைந்ததாக 2021-ல் வெளியான ஆய்வு சொன்னது. 90 கிலோ இருப்பவருக்கு அது 13 கிலோவுக்கு மேல்.

விலை? மவுன்ஜாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய். மாதம் நாலு என்றால் 14,000. வீகோவியின் தொடக்க டோஸ் மாதம் 17,345 ரூபாயில் ஆரம்பித்து, 2025 நவம்பரில் 10,850 ரூபாய்க்கு இறங்கியது. 2026 மார்ச்சில் செமாகுளுடைட்டின் காப்புரிமை இந்தியாவில் முடிந்ததால், உள்ளூர் நிறுவனங்களும் தயாரிக்க வழி திறந்துவிட்டது. போட் கிளப்பில் மட்டும் இருந்த பேச்சு, திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்கும் வந்தாயிற்று.

தேவை இருப்பவர்களும் நம்மூரில் குறைவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதம் பேர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவிகிதம்.

அங்கே ‘குறுக்கு வழி’, இங்கே ‘பெரிய வியாதி’

அமெரிக்காவில் இந்த ஊசியை மறைக்கிறவர்கள் பயப்படுவது ஒரே ஒரு வார்த்தைக்கு: ‘குறுக்கு வழி’. உடற்பயிற்சி செய்யாமல், வாயைக் கட்டாமல் இளைத்துவிட்டாய் என்ற ஏச்சு. டி.வி உலகின் பெரிய முகமான ஓப்ரா வின்ஃப்ரே, 2015-ல் ஒரு எடைக் குறைப்பு நிறுவனத்தில் முதலீடு செய்தவர். பல ஆண்டுகள் தன் எடையைப் பற்றிக் கேலிகளைக் கேட்டவர். 2023 டிசம்பரில்தான் தானும் மருந்து எடுப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். 2025 ஆகஸ்டில் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸும் சொன்னார். இங்கே இந்தி இயக்குநர் கரண் ஜோஹர் இளைத்தபோது ‘ஊசிதான்’ என்று பேச்சு கிளம்ப, அவர் மறுத்தார். ஆக, போட்டாலும் பேச்சு, போடாவிட்டாலும் பேச்சு.

நம் தெருக்களின் கூச்சம் வேறு வகை. இங்கே இளைத்தவரைப் பார்த்து முதலில் யாரும் பாராட்டுவதில்லை, பயப்படுகிறார்கள். சுகரா, டி.பி-யா, வீட்டில் பிரச்னையா என்று மனசு ஓடும். அதிலும் ‘ஊசி’ என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் ஒரு கனம் உண்டு. மாத்திரை என்றால் சாதாரணம். ஊசி என்றால் ‘முத்திப்போச்சு’. இன்சுலின் போடுவதைச் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் மறைத்த குடும்பங்கள் எத்தனை! வரன் பார்க்கும் நேரத்தில், எடை குறைப்பு ஊசியும் இப்போது அதே அலமாரியில் போய் ஒளிந்துகொள்கிறது.

காலடிப்பேட்டை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் கலெட், நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் இது. அவர் பெயரில் ‘கலெட்பேட்டை’. அதுதான் வாய்க்கு வாய் போய்க் காலடிப்பேட்டை ஆனது. ஒரு கவர்னரின் பெயரே இப்படி மாறும் என்றால், ‘ஊசி போடுறாங்களாம்’ என்று கிளம்பும் பேச்சு தெருமுனையைத் தாண்டும்போது என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே, சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை. அதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று 2002-ம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளே சொல்கின்றன. டாக்டருக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், பக்கத்து வீட்டுக்குப் பதில் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

இவர்களிடம் மட்டும் மறைக்காதீர்கள்

எந்த டாக்டரிடம் போனாலும்: ஊசியை எழுதிக் கொடுத்தவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. இந்த மருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். ஆபரேஷனுக்கு முந்தைய இரவிலிருந்து பட்டினி கிடந்தாலும், வயிற்றுக்குள் சாப்பாடு மிச்சம் இருக்கலாம். மயக்க மருந்து கொடுக்கும்போது அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. 2023 ஜூனில் அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம், வாராந்தர ஊசியை ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. 2024-ல் வந்த வழிகாட்டுதல், ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றது. எதுவானாலும், தெரிந்தால்தானே டாக்டர் முடிவெடுக்க முடியும்? எண்டோஸ்கோப்பி செய்யும்போதும் இதே கதைதான்.

குடும்பத்தில் யாருக்காவது ‘மெடுல்லரி’ வகை தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்ததா என்பதையும் ஊசி தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மகப்பேறு டாக்டரிடம்: கல்யாணத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று ஊசி தொடங்கும் பெண்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாகுளுடைட்டைக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட், கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கலாம். அதைத் தொடங்கிய பின் நான்கு வாரமும், டோஸ் ஏற்றும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு தேவை. மாமியாருக்குத் தெரிய வேண்டாம், சரி. கணவருக்கும் டாக்டருக்கும் தெரிந்தாக வேண்டும்.

வீட்டில் ஒருவரிடம்: புது ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் வீண். யாரும் பார்க்கக் கூடாது என்று பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தால், கத்திரி வெயிலில் மருந்து கெட்டுவிடும். ஒளித்து வைத்த மருந்துக்குக் கொடுத்த ஆயிரங்களும் சேர்ந்து போகும்.

பணமும் ஒரு காரணம். இது ஒரு மாதத்தோடு முடியும் செலவு இல்லை. செமாகுளுடைட்டை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியதாக ஆய்வு காட்டியிருக்கிறது. மாதாந்தர பட்ஜெட்டைப் பார்க்கிறவருக்குத் தெரியாமல் இதை எத்தனை காலம் ஓட்ட முடியும்?

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் இன்னொன்று. கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, மயக்கம் என்று அவசரமாக ஸ்டான்லிக்குத் தூக்கிக்கொண்டு போனால், “என்ன மருந்து சாப்பிடுறாங்க?” என்றுதான் முதலில் கேட்பார்கள். பதில் சொல்லும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். கூட வந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலையிடத்தில் ஒருவரிடம், சிலர் மட்டும்: இந்த ஊசி தனியாக ‘லோ சுகர்’ உண்டாக்குவது அரிது. ஆனால் ஏற்கெனவே இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த ஆபத்து கூடும். பசியே இல்லை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக மணிக்கணக்கில் கன்டெய்னர் லாரியுடன் காத்திருக்கும் டிரைவரை நினைத்துப் பாருங்கள். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டும்போது, கூட இருப்பவருக்கு விஷயம் தெரிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார். தெரியாவிட்டால் வெயில் மயக்கம் என்று நினைப்பார். பழைய மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

கொள்ளுக்கஞ்சிப் பொய்யில் என்ன தப்பு?

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது நம் ஊர்ப் பழமொழி. கொள்ளு நல்ல உணவுதான். ஆனால் ஊசியால் இறங்கிய 13 கிலோவைக் கொள்ளுக் கணக்கில் எழுதினால், அதை நம்புவது யார்? கீரைக்கடையில் உங்கள் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்.

அவர் மறுநாளே கொள்ளு வாங்குவார். ராத்திரிச் சாப்பாட்டை விடுவார். மூன்று மாதம் கழித்து இரண்டு கிலோகூடக் குறையாதபோது, ‘எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை’ என்று தன்னையே திட்டிக்கொள்வார். உங்களை இத்தனை வருஷம் குத்திய அதே முள்ளை, உங்களை அறியாமலே அவர் கையில் கொடுத்துவிட்டீர்கள். மௌனம் யாரையும் ஏமாற்றாது. தப்பான செய்முறை ஏமாற்றும்.

இந்தக் கணக்கு, எடைக் குறைப்பை வைத்துச் சம்பாதிப்பவர்களுக்கு இன்னும் கறாராகப் பொருந்தும். ஊசியால் இளைத்துவிட்டு, இன்ஸ்டாகிராமில் ‘என் டயட் பிளான் 999 ரூபாய்’ என்று விற்பவர், அதைத் தனிப்பட்ட விஷயம் என்று சொல்ல முடியாது. வெளிப்படையாகப் பேசுகிறவர்களையும் ஒரு கண் வைத்துத்தான் கேட்க வேண்டும். செரீனா பேசியது, இந்த மருந்தை விற்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பர முகமாக. அவர் கணவர் அந்த நிறுவனத்தின் முதலீட்டாளர்.

சொல்வதென்றால் எப்படிச் சொல்வது?

சொல்ல விருப்பம் இல்லையா? “உடம்பு நல்லாத்தான் இருக்கு அக்கா. டாக்டரைப் பார்த்துட்டுத்தான் இருக்கேன்” போதும். இதில் பொய்யே இல்லை.

சொல்ல விருப்பமா? “டாக்டர் சொல்லி ஒரு ஊசி போடுறேன். சாப்பாட்டையும் மாத்தியிருக்கேன்” என்று சொல்லுங்கள். அடுத்த வரி அநேகமாக, “எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடேன்” என்று வரும். அங்கேதான் உறுதியாக நிற்க வேண்டும். உங்கள் பேனா ஊசியை ஊசிமுனை மாற்றிக்கூட இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, நோய் தொற்றும். மிச்சம் இருப்பதைத் தங்கைக்குக் கொடுப்பதும் வேண்டாம். பொதுவாக பி.எம்.ஐ 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பிரச்னையும் உள்ளவர்களுக்கானது இந்த மருந்து. விசேஷத்துக்கு நாலு கிலோ குறைக்க அல்ல. வாந்தி, மலச்சிக்கல், தசை இழப்பு என்று நீங்கள் பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேட்கிற இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இளைத்துப்போன ஒருவரைப் பார்த்தால், “சுகரா?” என்று நடு மார்க்கெட்டில் கேட்காதீர்கள். “நல்லா இருக்கியா?” என்று கேளுங்கள். சொல்ல வேண்டும் என்று தோன்றினால், அவரே சொல்வார்.