ஓடும் இன்ஜினில் பேட்டரியைக் கழற்ற விடாதீர்கள்

ஹைதராபாத் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது கார் பேட்டரியின் உள்தகடுகள் வேகமாக அரிக்கப்படுகின்றன. சங்கராந்திக்கோ தசராவுக்கோ ஊருக்குப் போனவர்களின் கார், அடுக்ககத்தின் அடித்தளத்தில் நாள்கணக்கில் அசையாமல் நிற்கும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. தெருமுனை மெக்கானிக் நல்ல பேட்டரி ஒன்றைத் தூக்கிவந்து மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்கிறார். பிறகு இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைக் கழற்றிவிட்டுப் பழையதைத் திரும்ப மாட்டுகிறார். நம் ஊர்கள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம்தான். இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஜம்பர் கேபிளைக் கண்டு பயப்படுபவர்கள்கூட இதைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கேபிளை முறையாக மாட்டினால் கெடுதல் அரிது; காரின் மின்னணுவியலுக்கு உண்மையான ஆபத்து இந்தக் கழற்றலில்தான் இருக்கிறது.

காரணம் எளியது. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட்டில் மின்சாரம் தருகிறது. பேட்டரி அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு ஏற்ற இறக்கத்தையும் தாங்குகிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கையில் டெர்மினலைப் பிடுங்கினால் அந்த மின்னோட்டம் போக இடமில்லாமல் போகிறது. ஆல்டர்னேட்டரின் காந்தப்புலம் நொடியில் அடங்கிவிடாது. ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் மின்னழுத்தம் பல மடங்கு எகிறுகிறது. கார் மின்னணுப் பாகங்களுக்கான ஐஎஸ்ஓ 16750 தரநிலை, தடுப்பு இல்லாத 12 வோல்ட் அமைப்பில் இந்த எகிறலை 79 முதல் 101 வோல்ட் வரை என்று வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. நீடிப்பது ஒரு நொடிக்கும் குறைவு. காரின் மின்னணு மூளையான இசியூ கெட அது போதும். ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஓட்டத்தில் டெர்மினலைக் கழற்றும் ‘டெஸ்ட்’டும் இதே வகைதான். மல்டிமீட்டரை வைத்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும்.

அந்தக் கால அம்பாசடரில் இப்படித்தானே செய்தோம், ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். உண்மைதான். பாயிண்ட் செட்டும் கார்புரேட்டரும் கொண்ட வண்டியில் எரிந்துபோக மின்னணு மூளை எதுவும் இல்லை. மெக்கானிக்கின் அனுபவம் பொய்யில்லை, அது வேறொரு இயந்திரத்தில் கற்ற அனுபவம். தயாரிப்பாளர்கள்தான் எல்லாவற்றையும் சோதித்து அனுப்புகிறார்களே என்பது வலுவான மறுப்பு. அதே தரநிலையில் 24 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்கும் சோதனையும் இருக்கிறது. ஆனால் அது புதுப் பாகத்துக்கு, ஆய்வகத்தில், கணக்கான அளவில் நடப்பது. பத்து வயதான ஆல்டர்னேட்டருக்கும், பின்னால் மாட்டிய மலிவு மியூசிக் சிஸ்டத்துக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. அதனால்தான் லாரியிலிருந்தோ பேருந்திலிருந்தோ மின்சாரம் எடுக்கக் கூடாது. அவற்றில் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட்.

ஜம்பர் கேபிள் மாட்டும் சரியான முறையில் இரு வண்டிகளும் முதலில் அணைந்திருக்கும். சிவப்புக் கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸுக்கு, மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸுக்கு. கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் மைனஸுக்கு. அதன் கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி இன்ஜினின் வெற்று உலோகத்தில் பிடிக்க வேண்டும். கடைசித் தொடுகையில்தான் பொறி பறக்கும். பேட்டரி விடும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். காற்றோட்டமில்லாத அடித்தளத்தில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு மற்றதை ஸ்டார்ட் செய்யுங்கள். ப்ளோயரைப் போட்டுவிட்டு, மாட்டியதற்கு நேர்தலைகீழ் வரிசையில் கேபிளைக் கழற்றுங்கள். பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் ஆல்டர்னேட்டர் டயோடுகள் முதலில் போகும். உப்பிய, கசியும் பேட்டரியைத் தொடவே வேண்டாம். ஹைப்ரிட் வண்டிக்கு அதன் கையேடு சொல்வதே விதி.

கெட்டுப்போனால் யார் கொடுப்பது? வழக்கமான மோட்டார் பேக்கேஜ் பாலிசி தீயையும் வெடிப்பையும் ஏற்கிறது. மின் பழுதை விலக்குகிறது. பேட்டரி வெடித்து பானெட் நசுங்கினால் கோர இடமுண்டு, இசியூ சத்தமில்லாமல் செத்தால் பெரும்பாலும் இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகம் ஹைதராபாத்திலேயே இருந்தும் இந்த விலக்கு நம்மில் பலருக்குத் தெரியாது. சாலையோர உதவிக்கென்று பிரீமியம் கட்டியிருந்து அது மறுக்கப்பட்டால் கதை வேறு: முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், பிறகு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். காசு வாங்கிக்கொண்டு வேலை செய்த மெக்கானிக்கின் கவனக்குறைவு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. இலவசமாகச் செய்த பக்கத்து வீட்டுக்காரரை அந்தச் சட்டம் தொடாது. ஆகவே பில் கேளுங்கள். தராவிட்டால் யுபிஐயில் பணம் அனுப்புங்கள், அந்தப் பதிவும் சான்றுதான். சேதம் சில நாள் கழித்தே தலைகாட்டக்கூடும். எனவே எச்சரிக்கை விளக்கு எரிந்த உடனேயே சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து, தேதியிட்ட பிழைக்குறியீட்டு அறிக்கையை வாங்கிவிடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அது பலிக்காவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.