ஆன்லைன் தொடக்கப் பள்ளியில் யார் படிக்கிறார்கள்?

அமெரிக்காவில் அரசுப் பணத்தில் நடக்கும் ஆன்லைன் தொடக்கப் பள்ளிகளுக்கும் மற்றப் பள்ளிகளைப் போலவே ஒரு விவரப் பட்டியல் உண்டு: மொத்த மாணவர்கள், வகுப்புவாரி எண்ணிக்கை, இனவாரி விகிதம், இலவச மதிய உணவுக்குத் தகுதியானவர்கள். நாற்பது பிள்ளைகளே படிக்கும் பள்ளி என்றால் இந்தப் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும்.

தேசியப் புள்ளிவிவரத்தில் வரும் மொத்த எண்ணிக்கை, அக்டோபர் 1 அல்லது அதையொட்டிய ஒரு நாளில் எடுத்த கணக்கு. ஆன்லைன் பள்ளியிலோ நடுவில் சேர்வதும் விலகுவதும் சகஜம். உடம்பு தேறும்வரை வீட்டிலிருந்து படிக்க வந்த குழந்தையும், பழைய பள்ளியில் கேலி தாங்காமல் வந்த குழந்தையும் அந்த ஒரு நாள் கணக்கில் விடுபட்டிருக்கலாம். நாற்பது பேரில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவர் விலகினாலே 5 சதவீதம் குறைந்துவிடும். இனவாரி விகிதமும் அதோடு மாறும். பல மாநிலங்கள் மிகச் சிறிய எண்களை மறைத்து நட்சத்திரக் குறி போடுகின்றன. இன்ன குழந்தை என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்பதற்காக. அது சரியான ஏற்பாடுதான்.

அதிகம் ஏமாற்றுவது மதிய உணவுக் கட்டம். குடும்ப வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 130 சதவீதத்துக்குள் இருந்தால் இலவசம், 185 சதவீதம்வரை சலுகை விலை. இந்தத் தகுதியை வைத்தே பள்ளியின் வறுமையை அளப்பது நெடுநாள் வழக்கம். ஆன்லைன் பள்ளியில் சாப்பாடே போடுவதில்லை என்றால் அதற்கு விண்ணப்பிக்க யாருக்குத் தோன்றும்? கட்டம் காலியாக இருப்பதால் அங்கே ஏழைப் பிள்ளைகளே இல்லை என்று ஆகிவிடாது.

பெயர் பதிவில் இருப்பதும் படிப்பதும் ஒன்றல்ல என்பதை ஒஹையோ மாநிலம் பெரிய அளவில் பார்த்தது. அங்கே ‘எலெக்ட்ரானிக் கிளாஸ்ரூம் ஆஃப் டுமாரோ’ என்ற பள்ளி, 2015-16இல் 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கணக்குக் காட்டி நிதி பெற்றது. படித்த நேரத்துக்கான பதிவுகளை மாநிலம் சோதித்தபோது, சுமார் 6,300 முழுநேர மாணவர்களுக்கே ஆதாரம் கிடைத்தது. அந்த ஆண்டுக்காக மட்டும் சுமார் 6 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டார்கள். 2018 ஜனவரியில் பள்ளி மூடப்பட்டது. ஆண்டின் நடுவில் பிள்ளைகள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று.

இன்னொரு முக்கியமான விவரத்துக்குப் பட்டியலில் கட்டமே கிடையாது. ஆறு வயதுக் குழந்தை தானாக லாகின் செய்து பாடம் முடிக்காது; பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். பகலில் வீட்டில் ஆள் இருக்கும் குடும்பங்களுக்கே இந்தப் பள்ளி எளிதில் கைகூடுகிறது. அதனால், சேர்க்கும் முன் பெற்றோர் பள்ளியிடம் இரண்டு கேள்விகளாவது கேட்க வேண்டும்: போன அக்டோபரில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஆண்டு முடியும்வரை படித்தார்கள்? வீட்டுப் பெரியவர் தினமும் எத்தனை மணி நேரம் கூட இருக்க வேண்டும்?