படம் நின்றது, பேச்சு நிற்கவில்லை

சென்ற ஐப்பசியில் என் தந்தையாரின் முதலாண்டுத் திதி வந்தது. 2023-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் அவருக்குப் பீமரத சாந்தி நடந்தபொழுது, என் தமக்கையின் மகன் தன் கைபேசியில் பதினேழு நிமிடம் ஓடக்கூடிய படம் ஒன்று பிடித்திருந்தான். 1978-இல் ஒரு தகரப் பெட்டியும் ஒரு கூஜாவுமாகத் தாம் நாகபுரி நிலையத்தில் வந்து இறங்கிய கதையை, உறவினர் நடுவே அமர்ந்து தந்தையார் அதில் சொல்லுகிறார். அவர் குரல் பதிவாகியிருப்பது அந்த ஒரு படத்தில்தான். மறு ஆண்டு அவர் காலமானார். திதிக்கு முந்திய வாரம், அதைத் தொலைக்காட்சியில் பெரிதாகப் பார்க்க வேண்டும் என்று என் அன்னையார் விரும்பினார்.

போட்டேன். குரல் தெளிவாக வந்தது. படமோ ஒரு கணம் அசைந்து, மூன்று கணம் நின்று, மறுபடி ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. தகரப் பெட்டியின் கதை முடிந்து உறவினர் சிரிக்கிற ஒலி கேட்கும்பொழுது, திரையில் தந்தையார் இன்னும் வாய் திறக்கவேயில்லை. "ஏண்டா, அப்பா பேசறார், வாயே அசையலியே?" என்றார் அன்னையார். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

இவ்விதத் தொல்லை நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றிலும் உண்டென்று அறிந்ததால், இதனை எழுதத் துணிந்தேன். யான் பொறியியல் கற்றவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு நின்று, இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுகிறவன். ஆயினும் கணக்கில் பிழை வந்தால் எந்த வரியில் வந்தது என்று தேடும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. அந்தப் பழக்கமே இங்கு உதவிற்று.

எங்கள் இல்லத்தில் இருப்பது, இரண்டே கருக்கள் கொண்ட செலரான் ஜே1800 என்னும் இன்டெல் பிராசஸர் பொருத்திய பழைய சிறு கணினி. அதில் லினக்ஸ் இட்டு, 'கோடி' என்னும் மென்பொருளை ஏற்றித் தொலைக்காட்சியோடு இணைத்திருக்கிறேன். இந்தக் கோடி, 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தன்னார்வலர் சிலர் எழுதத் தொடங்கியது, எக்ஸ்.பி.எம்.சி. என்று வழங்கி வந்து, 2014-இல் இப்பெயர் பெற்றது. விலை ஒரு காசும் இல்லை; பெயர் மட்டும் கோடி! துக்க வீட்டில் போடும் புடவைக்கும் நம் பக்கத்தில் அதுவே பெயராதலால், முதன்முதல் கேட்டபொழுது அன்னையார் முகம் சுளித்தார்.

கடைக்காரர் ஒருவரிடம் போனேன். பெட்டியைத் திறவாமலே, "இது கிழம், 28,000 ரூபாய்க்குப் புதிது வாங்குங்கள்" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பது பின்னர்த் தெரிந்தது. ஆனால் மறு பாதியை அறியாமல் பணத்தைக் கொடுத்திருந்தால், வீண் செலவாகியிருக்கும்.

விஷயம் இதுதான். நாம் பார்க்கும் படங்கள் யாவும் மிகச் சுருக்கி எழுதப்பட்டவை. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் எது மாறிற்றோ அதை மட்டும் எழுதி வைத்து, மாறாத பந்தற்காலையும் சுவரையும் திரும்ப எழுதாமல் விடுவது அந்தச் சுருக்கத்தின் சூட்சுமம். அதை மீண்டும் முழுப் படமாக விரிப்பதற்குப் பெருங்கணக்குப் போட வேண்டும். 1920-க்கு 1080 என்னும் அளவுள்ள படத்தில் ஏறக்குறைய 20 இலட்சம் புள்ளிகள். கைபேசிகள் பிடிக்கும் நான்கு-கே படத்தில் 83 இலட்சம். நொடிக்கு முப்பது படம் என்றால், ஒவ்வொன்றையும் 33 மில்லி நொடிக்குள் விரித்தாக வேண்டும். தவறினால் படம் நிற்கும். ஒலியை விரிப்பது எளிதாகையால் அது நில்லாமல் ஓடும்.

இந்த வேலையைச் செய்ய இருவர் உளர். ஒருவர், எல்லா வேலையும் தெரிந்த பொது ஊழியராகிய பிராசஸர். மற்றவர், கிராஃபிக்ஸ் பகுதியில் இதற்கென்றே அமைத்து வைத்த தனிச் சுற்று. தனிச் சுற்று இவ்வேலையை மிகக் குறைந்த மின்சாரத்தில் அலுக்காமல் செய்யும். ஆனால் அதற்கு எந்தெந்த எழுத்து முறை கற்பித்து அனுப்பப்பட்டதோ அவை மட்டுமே தெரியும். அகலப் பாதைக்குச் செய்த எஞ்சின் எவ்வளவு வலியதாயினும் மீட்டர் பாதையில் ஓடாதது போலத்தான். தனிச் சுற்றிடம் வேலையை ஒப்படைப்பதையே வன்பொருள் முடுக்கம் என்கிறார்கள்.

ஆகவே படம் திணறினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இப்பொழுது இந்த வேலையைச் செய்பவர் யார்?" என்பதே. இதை அறியக் கோடியில் ஓர் எளிய வழி உண்டு. படம் ஓடும்பொழுது, விசைப்பலகையில் ஆங்கில 'ஓ' எழுத்தை அழுத்தினால் திரையில் சில வரிகள் தோன்றும். அவற்றுள் படம் விரிக்கும் பகுதியின் பெயருக்கு அருகே 'எச்.டபிள்யூ' என்றிருந்தால் தனிச் சுற்று வேலை செய்கிறது, 'எஸ்.டபிள்யூ' என்றிருந்தால் பொது ஊழியர் முதுகில் பாரம் விழுந்திருக்கிறது. இந்த ஒரு சாவியை அறியாமல் யான் இரண்டு நாள் இணைப்புக் கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தேன்.

தந்தையாரின் படத்துக்கு 'எஸ்.டபிள்யூ' என்று வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, முன்னொரு காலத்தில் நன்றாக ஓடிய என் மைத்துனியின் திருமணப் படத்தைப் போட்டேன். அதற்கும் 'எஸ்.டபிள்யூ'! அது எச்.264 என்னும் பழகிய முறையில் எழுதியது. என் பெட்டியின் தனிச் சுற்றுக்கு நன்கு தெரிந்த முறை. எனவே தெரிந்த வேலையையும் அது செய்யவில்லை என்றாயிற்று. கோடியின் அமைப்புகளில் 'பிளேயர்', அதனுள் 'வீடியோ' என்ற பக்கத்தில் வன்பொருள் முடுக்கத்தை அனுமதிக்கும் வரி இருக்கிறது. அமைப்புகளின் நிலையை உயர்த்தி வைத்தால்தான் அது கண்ணில் படும். பார்த்தேன், அனுமதி இருந்தது. லினக்ஸில் தனிச் சுற்றோடு பேசும் வழிக்கு வி.ஏ.ஏ.பி.ஐ. என்று பெயர். 'வி.ஏ.இன்ஃபோ' என்னும் கட்டளையைக் கொடுத்தால், அச்சுற்றுக்குத் தெரிந்த முறைகளை வரிசையாகச் சொல்லும். கொடுத்தேன், வரிசை ஒழுங்காகவே வந்தது.

இங்கேதான் மூன்று இரவுகள் போயின. டிரைவரை மாற்றினேன். (எஞ்சின் டிரைவர் அல்லர், வன்பொருளை இயக்கும் மென்பொருளுக்கும் அப்பெயரே.) இன்டெல்லுக்கு ஐ965 என்றும் ஐ.எச்.டி. என்றும் இரு டிரைவர்கள் உண்டு. ஐந்தாம் தலைமுறையான பிராட்வெல் முதற்கொண்டு வந்தவற்றுக்கே இரண்டாவது பொருந்தும். என் பெட்டி அதற்கு முந்தியது. மாற்றியதன் பயன், முன்பு வந்த வரிசையும் வராமற் போனதுதான். பழையதையே திரும்ப வைத்தேன்.

இறுதியில் புலப்பட்ட காரணத்தை எண்ணினால் இன்னும் சிரிப்பு வருகிறது. சில மாதங்களுக்கு முன் லினக்ஸைப் புதிதாக இட்டபொழுது, மின்சாரம் வந்ததும் கோடி தானே தொடங்கும்படி, அதற்கென்று தனிப் பயனர் பெயர் ஒன்றை உண்டாக்கியிருந்தேன். வி.ஏ.இன்ஃபோவை யான் என் பெயரில் கேட்டேன், பதில் வந்தது. கோடி தன் பெயரில் கேட்டது; அதற்குக் கதவு திறக்கவில்லை. 'வீடியோ', 'ரெண்டர்' என்னும் குழுக்களில் சேர்ந்தவருக்கே அக்கதவு திறக்கும். கோடியை அவற்றில் சேர்க்க யான் மறந்திருந்தேன். பாஸ் வைத்திருக்கும் ஊழியன் வாயிலைக் கடந்து போய்விடுகிறான். அவன் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பரிசோதகர் நிறுத்திவிடுகிறார். இருபது ஆண்டாக இரயில்வேயில் இருப்பவர்கள்கூட இதை எனக்கு நினைவூட்டவில்லை! நிர்வாகியின் அதிகாரத்தோடு கோடியை இரு குழுக்களிலும் சேர்த்துப் பெட்டியை மறுபடி தொடங்கினேன். திருமணப் படம் 'எச்.டபிள்யூ' என்று காட்டி, நீரோட்டம் போல் ஓடிற்று.

பெருமகிழ்ச்சியோடு தந்தையாரின் படத்தைப் போட்டேன். அதே திணறல், அதே 'எஸ்.டபிள்யூ'.

இதற்குக் காரணம் வேறு. 'மீடியாஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருளால் கோப்பைப் பார்த்தபொழுது, அது எச்.இ.வி.சி. முறையில், நான்கு-கே அளவில் எழுதப்பட்டது என்று விளங்கிற்று. எச்.264 பிறந்தது 2003-இல், எச்.இ.வி.சி. நெறிமுறையாக வந்தது 2013-இல். என் பெட்டியின் பிராசஸரும் அந்த ஆண்டு வெளிவந்ததுதான். அதைத் திட்டமிட்டவர்கள் இம்முறையை அதற்குக் கற்பிக்கவில்லை. வி.ஏ.இன்ஃபோ காட்டிய வரிசையில் எம்பெக்-2, எச்.264, வி.சி.1 ஆகியவை இருந்தன, எச்.இ.வி.சி. இல்லை. முதல் நாளே அவ்வரிசையைப் பொறுமையாகப் படித்திருந்தால் பாதி வழி வந்திருப்பேன். வரிசையில் இல்லாததை எந்த அமைப்பாலும், எந்த டிரைவராலும் வரவழைக்க முடியாது. இன்டெல் கணினிகளில் ஆறாம் தலைமுறையாகிய ஸ்கைலேக் முதல் எச்.இ.வி.சி. தெரியும், நிறத்தை நுணுக்கமாக எழுதும் பத்து-பிட் வகை ஏழாம் தலைமுறை முதல்தான். புதிதாகவோ பழையதாகவோ பெட்டி வாங்குவோர் இதைக் கேட்டு வாங்குவது நலம்.

புதியது என்றால் எல்லாம் தெரியும் என்றும் எண்ணிவிடலாகாது. நம் சங்கத்து இளைஞர் ஒருவர் 2023-இல் வந்த ராஸ்பெர்ரி பை 5 வாங்கியிருக்கிறார். எச்.இ.வி.சி. படத்துக்கு 'எச்.டபிள்யூ' என்றும், பழைய எச்.264 படத்துக்கு 'எஸ்.டபிள்யூ' என்றும் வருகிறதே, பலகை பழுதோ என்று கலங்கினார். பழுதில்லை. முந்திய பை 4-இல் இரண்டுக்கும் தனிச் சுற்று இருந்தது, ஐந்தில் எச்.264-க்கு உரியதை எடுத்துவிட்டார்கள். பிராசஸர் வலிமை பெற்றுவிட்டதால் அதுவே விரித்துவிடுகிறது. படம் தடையின்றி ஓடுமாயின் 'எஸ்.டபிள்யூ' என்ற எழுத்தைக் கண்டு வருந்த வேண்டுவதில்லை.

வேறு சில கோளாறுகளையும் இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். படம் ஓடுகிறது, ஆனால் பச்சைத் திட்டுகள் தோன்றுகின்றன, அல்லது திரை கறுத்து ஒலி மட்டும் வருகிறது என்றால், வன்பொருள் முடுக்கத்தைச் சற்று நேரம் நிறுத்திப் பாருங்கள். அப்பொழுது சரியானால் குற்றம் பெரும்பாலும் டிரைவரிடம். சரியாகாவிட்டால் கோப்பையே ஐயுற வேண்டும். கம்பியில்லா இணைப்பின் வழியே வேறு கணினியிலிருந்து படம் வருகிறதெனில், முதலில் அதைப் பெட்டியின் வட்டுக்கே நகல் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். பல வீடுகளில் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். திரைப்படத்தில் காமிரா பக்கவாட்டில் நகரும்பொழுது மட்டும் மெல்லிய நடுக்கம் கண்டால், அது விரிப்பதில் வந்த குறை அன்று: நொடிக்கு 24 படத்தை 60 முறை புதுப்பிக்கும் திரையில் சமமாகப் பங்கிட முடியாததால் வருவது. படத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும்படி கோடியிடம் சொல்லலாம். பழைய காசெட்டிலிருந்து மாற்றிய கல்யாணப் படங்களில் அசையும் கைகளின் ஓரம் சீப்புப் பற்கள் போலத் தெரிவதற்கு, ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் தனித்தனியே பதியும் அக்கால முறையே காரணம். அதற்கும் 'டீஇன்டர்லேஸ்' என்று தனி அமைப்பு இருக்கிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று, கடைக்காரர் சொன்னபடி புதுப் பெட்டி. மற்றொன்று, என் பெட்டிக்குத் தெரிந்த முறையில் படத்தை மாற்றி எழுதுவது. மாற்றி எழுதினால் தெளிவு ஓரளவு குறையும். ஆகையால் மூலப் படத்தை ஒருகாலும் அழிக்கலாகாது. யான் அதை இரண்டு வட்டுகளில் நகல் எடுத்து, ஒன்றைத் தமக்கையிடம் அனுப்பிவிட்டேன். பிறகு 'ஹேண்ட்பிரேக்' என்னும் இலவச மென்பொருளால், 1080 அளவில் எச்.264 ஆக மாற்றும்படி பணித்துவிட்டு உறங்கப் போனேன். எங்கள் தொலைக்காட்சியின் அளவே 1080 ஆதலால் இழப்பு கண்ணுக்குப் புலப்படாது. பாவம், அந்தச் செலரான்! பதினேழு நிமிடப் படத்தை மாற்ற இரவு முழுதும் உழைத்தது. காலையில் அலுவலுக்குப் புறப்படும்பொழுதுதான் வேலை முடிந்தது. தமக்கையின் மகனுக்கும் எழுதினேன்: பல கைபேசிகளில் காமிராவின் அமைப்பிலேயே எச்.264 முறையைத் தேர்ந்துகொள்ள இடமிருக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு அனுப்பும் படங்களை அதிலேயே எடுப்பது உத்தமம் என்று.

திதியன்று மாலை, சமையற்கட்டு ஓய்ந்த பிறகு படத்தைப் போட்டேன். 'ஓ' சாவியை அழுத்தி 'எச்.டபிள்யூ' வந்ததைப் பார்த்துவிட்டு எழுத்துகளை மறைத்தேன். தந்தையார் தகரப் பெட்டியைப் பற்றிச் சொன்னார், வாய் அசைந்தது, அடுத்த கணமே உறவினர் சிரித்தார்கள், திரையிலும் செவியிலும் ஒன்றாக. கூஜாவின் பேச்சு வந்ததும் அன்னையார், "பொய்! கூஜாவை அவர் எங்க கொண்டுவந்தார்? அது எங்க அம்மா எனக்குக் குடுத்து அனுப்பினது" என்றார். கடைசி வரை பார்த்து முடித்து, "அந்த இடத்தை இன்னொரு தரம் போடு" என்றார்.