மெல்லச் சேரும் விஷம்

சாந்தன்பாறை ஏலக்காட்டில் பூச்சிக்கொல்லி தெளிப்பதை 'மருந்து அடிப்பது' என்கிறோம். அந்த விஷம் ஏறினால் அன்றைக்கே தலை சுற்றும், வாந்தி வரும். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும். நாம் குடிக்கும் மருந்தும் சிலசமயம் விஷமாகும். ஆனால் அது மெல்லச் சேரும். வெளியே தெரியாது. புரோமைடு அப்படிப்பட்டது.

புரோமைடு ஒரு வகை உப்பு. கடல் நீரிலும் சிறிது உண்டு. 1857-இல் லண்டன் டாக்டர் ஒருவர் இது வலிப்புக்கு உதவுகிறது என்றார். பிறகு பலரும் தூக்கம் வருவதற்காகத் தாங்களே வாங்கிக் குடித்தார்கள்.

ஈவ்லின் வா என்ற ஆங்கில எழுத்தாளரும் குடித்தார். 1954-இல் அவர் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். கப்பலில் அவர் காதில் குரல்கள் கேட்டன. யாரோ தன்னைத் திட்டுவதாக நம்பினார். எகிப்தில் இறங்கி, விமானத்தில் கொழும்பு போனார். குரல்களும் கூடவே வந்தன! ஊர் திரும்பியதும் பேய் ஓட்டச் சொல்லிப் பாதிரியாரைக் கேட்டார். படித்த பெரிய மனிதருக்கே இந்த நினைப்பு. நல்லவேளை, பாதிரியார் மனநல டாக்டரை வரவழைத்தார். டாக்டர் புரோமைடை நிறுத்தினார். குரல்கள் நின்றன.

ஏன் இப்படி? நம் சிறுநீரகம் சாப்பாட்டு உப்பையும் புரோமைடையும் ஏறக்குறைய ஒன்றாகவே நினைக்கிறது. உள்ளே போனதில் பாதி வெளியேறவே சுமார் 12 நாள் ஆகும். அதற்குள் தினமும் ஒரு வேளை சேர்ந்தால்? தேங்கத்தானே செய்யும். மறதி, தள்ளாட்டம், நாக்குழறல், முகத்தில் பரு, வீண் சந்தேகம் எல்லாம் வரும். 2025-இல் அமெரிக்காவில் ஒரு செய்தி வந்தது. ஒருவர் கம்ப்யூட்டரிடம் யோசனை கேட்டு, சாப்பாட்டு உப்புக்குப் பதில் 3 மாதம் சோடியம் புரோமைடு சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

காற்றில் வரும் ஆபத்தும் உண்டு. கிடங்குச் சரக்கில் பூச்சியைக் கொல்ல மெத்தில் புரோமைடு என்ற வாயுவை விடுவார்கள். வாசனை தெரியாது. நுரையீரலையும் நரம்பையும் தாக்கும். வாயு விட்ட கிடங்குக்குள், அனுமதி தரும்வரை நுழையாதீர்கள்.

உடம்பில் தேங்கிய புரோமைடுக்கு வைத்தியம் உண்டு. ஆஸ்பத்திரியில் உப்பு நீர் ஏற்றுவார்கள். புரோமைடு சிறுநீரோடு வெளியேறும்.

சில இருமல் மருந்து, ஆஸ்துமா மருந்துகளின் பெயரிலும் புரோமைடு என்று இருக்கும். பயம் வேண்டாம். டாக்டர் சொன்ன அளவில் இந்த விஷம் ஏறாது. பாட்டில் பாட்டிலாகக் குடித்தால் வம்பு. வலிப்பு மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும், காலி பாட்டிலையும்கூட, எடுத்துப் போங்கள்.