விலைபோன விளையாட்டு

விளையாட்டைப் பொழுதுபோக்கு என்று பலரும் கூறுவர். அது மெய்யே. ஆயினும் ஆயிரக்கணக்கான மக்கள் வெயிலையும் குளிரையும் பொருட்படுத்தாது ஓர் ஆட்டத்தைக் காணத் திரள்வதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. முடிவு எவ்வாறு அமையும் என்பதை எவரும் முன்னரே அறியார். இரு திறத்தாரும் வெல்லும் நோக்குடனேயே ஆடுகின்றனர் என்னும் நம்பிக்கையே அது. அந்த நம்பிக்கையை விலை பேசினால் விளைவது யாது? 1919ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைபெற்ற பேஸ்போல் உலகத் தொடர் இவ்வினாவுக்கு விடை தருகிறது. அதன் வரலாற்றையே நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பேஸ்போல் நம்மில் பலர் நேரிற் காணாத ஆட்டம். எனினும் கிறிக்கெற்றை அறிந்தோருக்கும், நமது ஊர் மைதானங்களில் எல்லே ஆட்டத்தைக் கண்டோருக்கும் அது முற்றிலும் புதியதாகத் தோன்றாது. ஓரணிக்கு ஒன்பதின்மர். களத்தில் சதுர வடிவில் நான்கு தளங்கள் அமைந்திருக்கும். பந்துவீச்சாளர் எறியும் பந்தை உருண்டைத் துடுப்பினால் அடித்துவிட்டு ஓடத் தொடங்கும் ஒருவர், அத்தளங்களைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே மீள்வாராயின் ஓர் ஓட்டம் கிடைக்கும். மூவர் ஆட்டமிழந்ததும் எதிரணியின் முறை வரும். இவ்வாறு ஒவ்வோர் அணியும் ஒன்பது முறை ஆடுவது ஒரு போட்டி. கிறிக்கெற்றிற் போல நூற்றுக்கணக்கில் ஓட்டங்கள் குவிவதில்லை. நான்கைந்து ஓட்டங்களே பல வேளைகளில் வெற்றியைத் தீர்மானிக்கும். ஆதலால் ஆட்டத்தின் போக்கு பெரும்பாலும் பந்துவீச்சாளரின் கையிலேயே தங்கியிருக்கிறது. அவர் சிறிது தளர்ந்து வீசினாற் போதும், ஆட்டம் கைமாறிவிடும். அத்தளர்ச்சி களைப்பினால் வந்ததா, கருத்தோடு செய்யப்பட்டதா என்று பார்வையாளர் கண்டுகொள்வதும் அரிது. இதனை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அமெரிக்காவின் பெரும் பேஸ்போற் கழகங்கள் இரண்டு பிரிவுகளாக ஆடுகின்றன. இரு பிரிவுகளிலும் வாகை சூடிய அணிகள் இலையுதிர் காலத்தில் மோதும் தொடருக்கே உலகத் தொடர் என்று பெயர். ஏழு போட்டிகளில் நான்கை வெல்வோர் வாகை சூடுவர் என்பது பொதுவான முறை. முதல் உலகப் போர் முடிந்த அடுத்த ஆண்டாகிய 1919இல் ஒன்பது போட்டிகளில் ஐந்தை வெல்லவேண்டும் என வகுத்தனர். ஒருபுறம் சிக்காகோ நகரின் வைற் சொக்ஸ் அணி. மறுபுறம் சின்சினாற்றி நகரின் றெட்ஸ் அணி. சிக்காகோ அணி 1917ஆம் ஆண்டிலும் உலகத் தொடரை வென்ற அணி. அதன் முதன்மைப் பந்துவீச்சாளர் எடி சிக்கொற் 1919இல் 29 வெற்றிகளை ஈட்டியவர். இரண்டாமவரான குளோட் வில்லியம்ஸ் 23 வெற்றிகளை ஈட்டியவர். அடித்தாடுவதிலோ, ஜோ ஜாக்சனுக்கு நிகரானோர் மிகச் சிலரே. இவ்வணியே வெல்லும் என்று பலரும் எதிர்பார்த்திருந்தனர்.

தொடர் தொடங்குமுன் ஒரு விந்தை நிகழ்ந்தது. பந்தயக்காரரின் பணம் திடீரெனச் சின்சினாற்றியின் பக்கம் சாய்ந்தது. சிக்காகோ வீரர் சிலர் தோற்பதற்கு இணங்கிவிட்டனர் என்ற வதந்தியும் பரவியது. வதந்தி பொய்யன்று என்பது பின்னர் வெளியாயிற்று. முதல் தளக் காவலராகிய சிக் கான்டில் முன்னின்று சூதாடிகளுடன் பேரம் பேசியிருந்தார். பந்துவீச்சாளர் இருவரும் அதில் அகப்பட்டனர். சிக்கொற்றுக்கு முதற் போட்டிக்கு முன்னரே 10,000 டொலர் கைக்கு வந்தது. அவருடைய ஓராண்டுச் சம்பளத்திலும் அது பெரிய தொகை.

அக்காலத்தில் ஒரு கழகத்துடன் ஒப்பந்தம் செய்த வீரர், அக்கழகம் விடுவித்தாலன்றி வேறொன்றிற் சேர இயலாது. சம்பளத்தைப் பற்றிப் பேரம் பேசும் வலிமை அவருக்கு இல்லை. சிக்காகோ அணியின் உரிமையாளர் சார்ள்ஸ் கொமிஸ்கி கடுங்கருமி என்றும், அவரது கஞ்சத்தனமே வீரரைத் தீவழியிற் செலுத்திற்று என்றும் நெடுங்காலம் கூறிவந்தனர். ஆனால் அக்காலச் சம்பளப் பதிவேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தோர், அவ்வணி கூடிய சம்பளம் பெற்ற அணிகளுள் ஒன்று எனக் கண்டனர். மனக்குறை இருந்திருக்கலாம், வறுமை இருந்தது என்பதற்கு இடமில்லை.

ஒக்ரோபர் 1ஆம் நாள் சின்சினாற்றியில் முதற் போட்டி. சிக்கொற் வீசிய இரண்டாவது பந்து எதிரணியின் முதல் ஆட்டக்காரரின் முதுகிற் பட்டது. சூதாடிகளுக்கு அதுவே அடையாளம் என்று பின்னர் சொல்லப்பட்டது. அன்று சிக்காகோ 1–9 எனத் தோற்றது. மறுநாள் வில்லியம்ஸ் வீசினார். 2–4 எனத் தோல்வி. மூன்றாம் போட்டியில் டிக்கி கெர் என்னும் இளைஞர் வீச வந்தார். உருவிற் சிறியவர், சூழ்ச்சியில் எவ்விதத் தொடர்பும் அற்றவர். தம் பின்னே களத்தில் நிற்போருள் சிலர் விலைபோனவர்கள் என்ற நிலையிலும் எதிரணிக்கு ஓர் ஓட்டமேனும் கொடாது 3–0 என வென்றார். நான்காம் போட்டியில் மீண்டும் சிக்கொற். ஐந்தாம் முறையில் அவர் ஒரு பந்தைத் தவறான திசையில் எறிந்தார். பின்னர் சக வீரர் எறிந்த பந்தின் குறுக்கே கைநீட்டி அதனைச் சிதறவிட்டார். அதனால் விளைந்த இரண்டு ஓட்டங்களே போட்டியை முடித்தன.

ஐந்தாம் போட்டியிலும் சிக்காகோ தோற்றது. ஆனால் சூதாடிகள் வாக்களித்த பணம் சொன்ன தவணையில் வந்து சேரவில்லை. அந்தச் சினத்தால் வீரர் மனம் மாறினர் என்று பலர் கருதுவர். எவ்வாறாயினும் ஆறாம் போட்டியைக் கெர்ரும் ஏழாம் போட்டியைச் சிக்கொற்றும் வென்று கொடுத்தனர். ஒக்ரோபர் 9ஆம் நாள் எட்டாம் போட்டி. வில்லியம்ஸ் ஒருவரை மட்டுமே ஆட்டமிழக்கச் செய்த நிலையில் களத்தினின்றும் நீக்கப்பட்டார். முதல் முறையிலேயே நான்கு ஓட்டங்கள் போயின. 10–5 என வென்ற சின்சினாற்றி, தொடரை 5–3 என்ற கணக்கிற் கைப்பற்றியது.

ஏறக்குறைய ஓராண்டு கழித்துச் சிக்காகோவில் விசாரணை யூரிசபை கூடியது. 1920 செப்ரெம்பர் 28ஆம் நாள் சிக்கொற்றும் ஜாக்சனும் பணம் பெற்றதை அதன் முன் ஒப்புக்கொண்டனர். மறுநாள் வில்லியம்சும் வாக்குமூலம் அளித்தார். எட்டு வீரர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 1921ஆம் ஆண்டு கோடையில் வழக்கு நடந்தது. கையொப்பமிட்ட வாக்குமூலப் பத்திரங்கள் அதற்குள் காணாமற் போயிருந்தன. அன்றியும், ஆட்டத்தை விட்டுக்கொடுத்தல் குற்றம் என்று கூறும் தனிச் சட்டம் அங்கு அப்போது இல்லை. பொதுமக்களையும் பிறரையும் ஏமாற்றச் சதி செய்தனர் என்பதே குற்றச்சாட்டு. ஏமாற்றும் உள்நோக்கம் ஐயமற நிறுவப்படவேண்டும் என்று நீதிபதி யூரருக்கு எடுத்துரைத்தார். ஓகஸ்ற் 2ஆம் நாள், மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக ஆலோசித்த யூரர், விசாரிக்கப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தனர்.

வீரர்களின் மகிழ்ச்சி ஒருநாள்தான் நிலைத்தது. பேஸ்போல் ஆட்டத்தின் முதல் ஆணையாளராக 1920 நவெம்பரில் நியமனம் பெற்றிருந்தவர் கெனசோ மவுன்டன் லாண்டிஸ். அவரும் ஒரு நீதிபதியே. யூரரின் தீர்ப்பு எதுவாயினும், ஆட்டத்தை விட்டுக்கொடுத்தவருக்கும், அவ்வாறான சூழ்ச்சி பேசப்பட்ட இடத்தில் இருந்தும் தம் கழகத்துக்கு அதனை அறிவியாதவருக்கும் இனி இவ்விளையாட்டில் இடமில்லை என்று அவர் அறிவித்தார். எண்மரும் வாழ்நாள் முழுவதும் விலக்கப்பட்டனர்.

ஒரு நாட்டின் நீதிமன்றம் விடுவித்தவர்களை ஒரு விளையாட்டுச் சங்கம் தண்டிப்பது முறையாகுமா என்று நேயர்கள் வினவலாம். நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்ப வல்லது. ஆகவே ஐயத்துக்கு இடமிருப்பின் விடுவிப்பதே அறம். விளையாட்டுக் களமோ மக்களின் நம்பிக்கையால் நிற்பது. ஒரு பந்து தவறும்போதெல்லாம் இவர் எவ்வளவு பெற்றார் என்று பார்வையாளர் எண்ணத் தொடங்கினால், நேர்மையாக ஆடும் வீரரின் உழைப்பும் மதிப்பிழந்துவிடும். கெர் போன்றோருக்கு இழைக்கப்பட்ட அநீதி அதுவே. லாண்டிஸ் காக்க முனைந்தது இந்த நம்பிக்கையை எனலாம்.

ஆயினும் எண்மருள் இருவரின் கதை நம் நெஞ்சை உறுத்துகிறது. ஒருவர் ஜாக்சன். எழுதப் படிக்க அறியாத அவர் 5,000 டொலர் பெற்றார். ஆனால் அத்தொடரில் 12 முறை வெற்றிகரமாக அடித்தார். களத்தில் அவர் பேரில் ஒரு பிழையேனும் பதிவாகவில்லை. தாம் வெல்லவே ஆடியதாகப் பின்னாளிற் கூறினார். மற்றவர் மூன்றாம் தளக் காவலர் பக் வீவர். அவர் பணம் பெறவில்லை, ஊக்கத்துடனேயே ஆடினார். சூழ்ச்சி பேசப்பட்ட கூட்டத்தில் இருந்தார், அறிந்தார், வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே அவர் செய்தது. 1956இல் இறக்கும்வரை தம் பெயரிலுள்ள களங்கத்தைத் துடைக்குமாறு பலமுறை விண்ணப்பித்தும் பயன் கிட்டவில்லை.

பள்ளிக்கூடத்திற் பணியாற்றுவோர் வீவரை அடிக்கடி சந்திக்கின்றனர். ஒரு மாணவன் தவறு செய்தபோது அதனை அறிந்தும் தோழமை கருதி வாளாவிருக்கும் மற்றொரு மாணவனே அவர். காட்டிக்கொடுத்தல் இழிவு என்று அவன் எண்ணுகிறான். அதில் ஒரு பெருமையும் உண்டு. அதனை நாம் முற்றாக இகழ்தல் ஆகாது. ஆனால் அவன் மௌனத்தின் விலையை, ஏதும் அறியாத மற்ற மாணவர் கொடுக்க நேர்கிறது. வீவரின் மௌனத்துக்குக் கெர்ரும் பல்லாயிரம் பார்வையாளரும் விலை கொடுத்தனர். குற்றம் செய்தவருக்கும் அறிந்து பேசாதவருக்கும் ஒரே தண்டனை என்பது கடுமை. பேசாதிருத்தலும் ஒரு செயல் என்பதோ உண்மை.

இவ்வுண்மையைப் பிற விளையாட்டுகளும் ஏற்றுள்ளன. சர்வதேச கிறிக்கெற் பேரவையின் விதிகளின்படி, சூதாடிகள் தம்மை அணுகியதை அறிவியாது விடுவதும் குற்றம். வங்காளதேச வீரர் ஷகிப் அல் ஹசன் 2019இல் தடை செய்யப்பட்டது இக்குற்றத்துக்காகவே. இரண்டாண்டுத் தடை, அதில் ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. சிக்காகோ வீரர் விலைபோய் ஒரு நூற்றாண்டு நிறைந்த அதே 2019இல், இலங்கைப் பாராளுமன்றமும் ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1921இல் சிக்காகோ நீதிமன்றத்துக்குக் கிட்டாத கருவி அது.

2025 மே மாதம், அப்போது ஆணையாளராக இருந்த றொப் மான்ஃபிரெட், விலக்கப்பட்டு இறந்துபோன வீரர்களின் பெயர்களைத் தடைப் பட்டியலினின்றும் நீக்கினார். இறந்தவரால் ஆட்டத்தின் நேர்மைக்கு இனித் தீங்கு நேராது என்பது அவர் கூறிய காரணம். எண்மரின் பெயர்களும் அவற்றுள் அடங்கும். வீவர் வேண்டிநின்ற விடுதலை, அவர் மறைந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னர் வந்தது. நம் பிள்ளைகளுக்கு ஆடக் கற்பிக்கும்போது, வெல்லும் வழியோடு, தவறென்று கண்டதை உரிய வேளையில் உரியவரிடம் சொல்லும் துணிவையும் சேர்த்தே கற்பிப்போமாக.